கீர்த்தனைக்கு டிஸ்டார்ஷன் போடுவதற்கு முன்

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கர்நாடக சங்கீதம் கற்றவரும் ராக் பேண்ட் ஆட்களும் ஒரே அறையில் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது என் போன்றவர்கள்தான். அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராகத்தைப் பாடகரிடம் விட்டுவிடுங்கள். பேண்ட் தாளத்தில் விளையாடட்டும்.

முதல் வேலை சுருதி, அதாவது பாடகர் ‘ச’ (ஷட்ஜமம்) என்று எடுத்துக்கொள்ளும் ஆதார ஸ்வரம். கிட்டாருக்கு வசதியாக இருக்கும் என்று பாடகரை மேலே கீழே இழுக்காதீர்கள், கிட்டாரை இறக்குங்கள். அவருக்கு இரண்டு கட்டை, அதாவது சுருதி டி என்றால் டிராப் டி ட்யூனிங் (மிகத் தடித்த கம்பியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது) போதும். தடித்த மூன்று கம்பிகளையும் எதையும் அழுத்தாமல் மீட்டினால் டி, ஏ, டி. அதாவது ச, ப (பஞ்சமம்), ச. தம்புரா கையிலேயே இருக்கிறது! ஒன்றரைக் கட்டைக்கு ஆறு கம்பிகளையும் இன்னும் ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் ஒரு கட்டம்) அளவு இறக்குங்கள். ஒரு கட்டைக்கு இரண்டு ஃப்ரெட். பாடகிக்கு ஐந்து கட்டை என்றால் அதே டிராப் டி-யில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) போட்டுக்கொள்ளலாம்.

ராக் இசையின் பவர் கார்ட் கர்நாடக சங்கீதத்துக்கு இவ்வளவு ஒத்துப்போவதற்குக் காரணமும் இதுதான். அதில் காந்தாரம் (க) கிடையாது, ஆதார ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே. எந்தக் காந்தாரத்தை எப்படி அசைப்பது என்ற முடிவு பாடகரிடமே இருக்கிறது. காந்தாரமும் சேர்ந்த முழு மேஜர் கார்டை டிஸ்டார்ஷனில் (கிட்டார் ஒலியை உறுமலாக்கும் எஃபெக்ட்) அடித்துப் பாருங்கள்: அந்தக் காந்தாரம் அசையாமல் நிற்கும், பாடகரின் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) அதில் மோதும், கேட்பவர் அபஸ்வரம் என்பார். தோடி மாதிரி ஒவ்வொரு ஸ்வரமும் ஆடுகிற ராகத்தில் ச-ப தவிர வேறு எதையும் தொடாமல் இருப்பது உத்தமம்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் ஹம்ஸத்வனியைத்தான் சொல்வேன். ச ரி க ப நி, ஐந்தே ஸ்வரம். சி-யை ஷட்ஜமமாக வைத்தால் சி, டி, ஈ, ஜி, பி. இதற்குள்ளேயே சி மேஜர், ஈ மைனர், ஜி மேஜர் என்று மூன்று கார்ட் கிடைக்கின்றன. ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரம்கூட உள்ளே வராது. பழக்க தோஷத்தில் எஃப் கார்டுக்குப் போய்விடாதீர்கள். மத்யமமும் (ம) தைவதமும் (த) கூடவே வந்துவிடும், ராகம் போயே போச்சு.

இந்தோளம் வேறு கதை. அதில் பஞ்சமமே இல்லை, ஆகவே ச-ப பவர் கார்டும் கூடாது. இப்படிப்பட்ட ராகத்துக்குத் தம்புராவில் பஞ்சமக் கம்பியை மத்யமத்துக்கு மாற்றுவதுபோல நீங்களும் ச-ம பிடியுங்கள். டிஸ்டார்ஷனில் அதுவும் கம்பீரமாகவே கேட்கும்.

அடுத்தது தாளம், எனக்குப் பிடித்த இடம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை ராக்கில் இரண்டு பார் (நாலு எண்ணிக்கை கொண்ட சுற்று). கணக்கு சரிதான், ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு. கையால் தாளம் போடும்போது தட்டு விழுவது 1, 5, 7-இல். டிரம்மரின் ஸ்னேர் (பளீரென்று ஒலிக்கும் டிரம்) விழுவது 2, 4, 6, 8-இல், அதாவது விரலும் வீச்சும் வரும் இடங்களில். பாடகர் தடுமாறுவது இங்கேதான். கிக் டிரம்மை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 5, 7-இல் வைத்தால் போதும். தட்டு அவர் காதில் விழும், ராக் துள்ளலும் குறையாது.

ராப் பகுதிக்குப் பாட்டை நிறுத்திவிட்டு எதையோ பேசவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ராப்பர் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) கணக்கில் நுழையட்டும். சதுஸ்ர நடையில் (ஓர் எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை) ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுத் தாளச் சுற்றுக்கு, 32 மாத்திரை. முதல் 13-ஐ விட்டுவிட்டு, பதினான்காவதில் ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்தை ஆரம்பித்து, இரண்டு மாத்திரை இடைவெளி விட்டு மூன்று முறை சொன்னால் 5+2+5+2+5, மொத்தம் 19. கச்சிதமாக அடுத்த சமத்தில் (சுற்றின் முதல் எண்ணிக்கையில்) வந்து இறங்கும். அந்த ஐந்து மாத்திரைக்குத் தமிழ்ச் சொற்களைப் போடச் சொல்லுங்கள், நாலைந்து குறில் கொண்ட சொற்களாக. சந்தம் ஓடவில்லை என்று ராப்பர் முழித்தால், திருப்புகழை ராகமில்லாமல் வேகமாக வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அருணகிரிநாதரைவிட நல்ல ஃப்ளோ வாத்தியார் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

இதெல்லாம் சம்பிரதாயமா என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். 1835-இல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதரே ஐரோப்பிய பேண்ட் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு சங்கதியை (ஒரு வரியின் மாற்று வடிவத்தை) வெட்டி லூப் போடுவது, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுவது, ஹிப்ஹாப்காரர்களுக்குப் பிடித்த வழி. தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு இன்று காப்புரிமை இல்லை. ஒலிப்பதிவுக்கு உண்டு, இந்தியச் சட்டப்படி வெளியான பிறகு 60 ஆண்டுகள். உங்கள் பாடகரையே கிளிக் டிராக்கோடு (வேகத்தைக் காட்டும் டிக்-டிக் ஒலி) பாடவைத்துப் பதிவு செய்யுங்கள், வேகமும் நிலையாக இருக்கும். வெட்டும்போது சொல் தொடங்கும் இடத்தில் வெட்டாமல் சமத்தில் வெட்டுங்கள். பல கீர்த்தனைகளுக்கு எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்துக்கு அப்புறம்தான். அந்தச் சின்ன மௌனத்தை வெட்டிவிட்டால் லூப் ஒவ்வொரு சுற்றிலும் இடறும்.

அப்புறம் மிருதங்கம். தொப்பியும் (அதன் தாழ்ந்த ஒலிப் பக்கம்) கிக்கும் பேஸும் ஒரே தாழ்ந்த ஒலிப் பகுதியில் முட்டிக்கொள்ளும். பல்லவிக்கு டிரம்ஸ், அனுபல்லவிக்கு மிருதங்கம், சரணத்தின் கடைசி ஆவர்த்தனங்களில் மட்டும் இரண்டும் என்று பிரித்துக் கொடுங்கள். மிருதங்கம் வாசிக்கும்போது பேஸ் ஷட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.