ஞாயிறு வாசகம் உங்கள் முறையா? குரல் வளம் பெற்றவர்களுக்குச் சில செய்முறைகள்

ஞாயிறு திருப்பலியில் விவிலிய வாசகத்தை முடித்து “ஆண்டவரின் அருள்வாக்கு” என்கிறோம். சபை “இறைவா உமக்கு நன்றி” என்கிறது. அந்த நன்றி நேரே மேலே போகிறது; வாசித்தவர் அதில் பங்கு கேட்க முடியாது. ஆனால் அந்தப் பதில் வாயளவில் வருகிறதா, வாசகம் காதில் விழுந்து வருகிறதா என்பது பெரும்பாலும் வாசகர் கையில்தான் இருக்கிறது. நல்ல குரல் கடவுள் கொடுத்தது. அதற்கு நாம் செலுத்தும் நன்றி, திங்கள் முதல் சனி வரை செய்யும் தயாரிப்பு.

திங்களன்று உங்கள் வாசகத்தைத் தொடாதீர்கள். முதலில் அந்த ஞாயிற்றின் நற்செய்தியைப் படியுங்கள். பொதுக்காலத்தில் (பெருவிழாக் காலங்கள் தவிர்த்த சாதாரண வாரங்களில்) முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. எந்த வரியில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டால், நிதானிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். இரண்டாம் வாசகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது ஒரே திருமுகத்தின் (திருத்தூதர் எழுதிய கடிதத்தின்) தொடர்ச்சி. போன ஞாயிறு எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். பாஸ்கா கால (உயிர்ப்பு விழாவை அடுத்த வாரங்களின்) ஞாயிறுகளில் முதல் வாசகமே திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வரும்.

அடுத்து, ஒரு நகல் எடுத்து பென்சிலால் குறியுங்கள் (கோவில் வாசக நூலில் கிறுக்க வேண்டாம்). மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு, நிறுத்தும் இடத்தில் இரண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் பலர் வாக்கியம் முடியும் முன்பே குரலை இறக்கிவிடுகிறார்கள். “செய்தாரா, செய்யவில்லையா” என்பதே கேட்காமல் போகிறது. பவுலின் நீண்ட வாக்கியங்களில் இது நிச்சயம் நடக்கும். கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வையுங்கள்.

இன்னொரு சிக்கல், பேச்சுகள். “என்றார்”, “என்றேன்” என்பதெல்லாம் நமக்குப் பேச்சு முடிந்த பிறகுதான் வரும். இறைவாக்கினர் எசாயா நூலின் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டு, பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு வருவது. சேராபீன்கள் என்னும் வானதூதர்கள் பாடுகிறார்கள், எசாயா ஐயோ என்று புலம்புகிறார், யாரை அனுப்புவேன் என்று ஆண்டவர் கேட்கிறார், இதோ நானிருக்கிறேன் என்று எசாயா பதில் சொல்கிறார். ஒரே தொனியில் வாசித்தால் கேள்வியும் பதிலும் ஒருவரே சொன்னது போல ஆகிவிடும். அதற்காக நாடக வசனம் போல ஆளுக்கொரு குரல் மாற்றவும் கூடாது. பேச்சு தொடங்குவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, சற்றே வேறு சுருதியில் எடுத்தால் போதும்.

செவ்வாய், புதன்: உச்சரிப்பு. “பலி செலுத்து” என்பது “பழி செலுத்து” ஆனால் சபை நெளியும். “ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பதில் ள தவறினால் கொலையே நடந்துவிடும். வழி வலியாகவும், இறை இரையாகவும் மாறுவது அன்றாடம். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரல் பிடிக்காமல் போகும், பரவாயில்லை. தூய ஆவிப் பெருவிழாவுக்கு மாட்டிக்கொண்டவர்கள் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்ற பட்டியலைத் தனியே பத்து முறை சொல்லிப் பழக வேண்டும். மேடையில் பெயர் தடுக்கினால் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். தயங்காமல் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஞாயிறன்று 20 நிமிடம் முன்னதாகப் போய், வாசக நூலில் பக்கத்தை நீங்களே பாருங்கள். பக்க அடையாள நாடா போன வாரப் பக்கத்தில் கிடப்பது வழக்கமான விபத்து. ஒலிவாங்கியை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, தாடையைப் பார்க்கும்படி வையுங்கள். நேரே வாய்க்கு முன் வைத்தால் “ப”வும் “ஃப”வும் வெடிக்கும். தட்டியும் ஊதியும் பார்க்க வேண்டாம். தொண்டை வறண்டால் வெந்நீர் குடிக்கலாம். நற்கருணைக்கு முன் 1 மணி நேர நோன்பைத் தண்ணீர் முறிக்காது.

மேடையில் “முதல் வாசகம்” என்ற சிவப்பு எழுத்தை வாசிக்கத் தேவையில்லை. “இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்” என்று தொடங்கி, சபை அமர்ந்து அடங்கும் வரை பொறுத்திருங்கள். உயரமான கூரையுள்ள கோவில்களில் எதிரொலி அடங்கினால்தான் அடுத்த வாக்கியம். வாசகம் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு “ஆண்டவரின் அருள்வாக்கு” சொல்லுங்கள். இந்த மூன்று எண்ணிக்கையை விழுங்கிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. வாசகத்தின் கடைசி வரியும் முடிவுரையும் ஒட்டிக்கொண்டு, மக்கள் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள்.

“எனக்கெல்லாம் அந்தக் குரல் இல்லை” என்று பின்வாங்குபவர்களுக்கு: இயேசுவின் உவமையில், தலைவரிடம் ஒரே தாலந்து பணம் பெற்று அதை மண்ணில் புதைத்த பணியாளரை நினைத்துப் பாருங்கள். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. சிறியது என்று அவர் புதைத்தது ஏறக்குறைய 20 ஆண்டுச் சம்பளம்! பெண்களுக்கு இதில் தயக்கமே வேண்டாம். அவர்கள் வாசிப்பது பழைய வழக்கம்தான். முறைப்படி அளிக்கப்படும் வாசகர் பணியையும் 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்குத் திறந்துவிட்டார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கிறிஸ்மஸ், உயிர்ப்பு என்றால் “அது என் வாசகம்” என்று பல வருடம் பிடித்து வைத்துக்கொள்வது. பாராட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். “நான் ஒன்றுமே இல்லை” என்ற நீளமான தாழ்ச்சியும் பேச்சை நம்மைச் சுற்றியே நிறுத்திவிடும். அன்பியத்திலிருந்து (பங்கின் சிறு குழுவிலிருந்து) ஓர் இளைஞரைச் சேர்த்துக்கொண்டு, நாலு வாரம் உங்களோடு பழகச் செய்து, ஐந்தாம் வாரம் ஒரு சிறிய வாசகத்தைக் கொடுங்கள். அன்று நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். அங்கே என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.