என்ஜின் மாற்றிய கார் புகை டெஸ்ட்டில் ஏன் தோற்கிறது?

கோவை உக்கடத்தில் பழைய என்ஜினுக்குப் பேரம் பேசும்போது எல்லோரும் விசாரிப்பது மூன்று விஷயங்கள்தான்: எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கிறதா, விலையில் எவ்வளவு குறைப்பீர்கள். அது எந்த பிஎஸ் (பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாடு) விதிக்குச் செய்த என்ஜின் என்று கேட்பவர் குறைவு. முதல் தவறு அங்கேதான்.

புகைப் பரிசோதனை மையத்தில் வண்டி எண்ணைத் தட்டியதும் எரிபொருள், ஆண்டு, பிஎஸ் விதி எல்லாம் அரசின் 'வாகன்' கணினிப் பதிவிலிருந்து வந்துவிடும். பானெட்டுக்குள் எந்த என்ஜின் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. 2018 மாடல் டி.என். 37 காரில் 2008 என்ஜினை ஏற்றினாலும் பிஎஸ் 4 அளவுக்குள்தான் வந்தாக வேண்டும். பிஎஸ் 2, 3 பெட்ரோல் கார் என்றால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை விடுவார்கள். பிஎஸ் 4-க்கு அது 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். அதோடு 2500 ஆர்.பி.எம்.மில் இன்னொரு சோதனை உண்டு: கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தின் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தது 2017 ஏப்ரலில். சென்னை போன்ற நகரங்களுக்கு 2010-லேயே வந்துவிட்டது. அதனால் ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஆர்.சி.யில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளுவது அடுத்த தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி என்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே கம்பெனி, அதே வகை என்ஜின் என்றால் வழி உண்டு. பெட்ரோலை டீசலாக்குவது, சி.சி.யை ஏற்றுவது என்று கிளம்பினால், பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு எட்டு போய்க் கேட்டுவிடுங்கள். என்ஜின் எண் குறித்த பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த எண்ணைத்தான். இன்சூரன்ஸிலும் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். பழைய என்ஜின் பெரும்பாலும், நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமல்தான் கைக்கு வரும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் கடைக்காரர் அதைத் தனியாக விற்றிருப்பார். 'காரில் இருக்கும் பழையதே போதும்' என்று வெல்டிங் வைத்து ஒட்டவைப்பார்கள். அதில் இரண்டு வம்பு. காரில் முன்பு இருந்த என்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தால் கன்வெர்ட்டர் ஏற்கெனவே செத்திருக்கும். இன்னொன்று, அது என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிப் போய்விடும். சுமார் 250 முதல் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலையே செய்யும். என்ஜினோடு அதன் இ.சி.எம். (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், கன்வெர்ட்டர் நான்கையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பதே நல்லது. கொஞ்சம் விலை கூடும். பின்னால் அலைகிற அலைச்சலுக்கு அது மலிவு.

நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு: என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிக் கடாசுவது. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்ணா?" என்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது தப்பித்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் கூலன்ட் 60 டிகிரியிலேயே நின்றுவிட்டால், என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து இ.சி.எம். பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறும், பிளக் கறுக்கும், மைலேஜும் போகும். கண்டுபிடிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் சில நிமிடம் ஹோஸ் சில்லென்று இருந்துவிட்டுத் திடீரென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் உள்ளே வால்வு இல்லை. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக மூன்று முறை டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சைலன்சர் வரிசையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும்; சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று படித்து மேலும் ஊற்றச் சொல்லும். பின்னால் கசிந்தால் புகையில் காற்று கலந்து லாம்டா 1.03-ஐத் தாண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரை ஜாயின்ட்டில் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். முட்டை விடும் இடமே ஓட்டை. கேஸ்கெட்டுக்குப் பதிலாகக் கண்ட சிலிக்கான் பசையை அப்பினால் சென்சாரும் கெடும். நல்ல சென்சார் சூடான பிறகு 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் நின்றால் வயரையும் சென்சாரையும் பாருங்கள்.

தோற்றுவிட்டால் சீட்டைக் கசக்கி எறிய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம் என்றால் பெட்ரோல் கூடுகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் மிஸ்ஃபயர்: பிளக், காயில், வால்வு, அல்லது வேக்குவம் ஹோஸ் கசிவு. அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்த்துவிடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங் செய்து பயனில்லை. இரண்டுமே அதிகமென்றால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் டீசல் ஜீப்புகளின் கதை வேறு. பிக்கப்புக்காகப் பம்பில் ஸ்க்ரூவைத் திருகி வைத்திருப்பார்கள், கரும்புகை அதிலிருந்துதான். புகை அடர்த்தி (ஒரு மீட்டருக்கு ஒளி உறிஞ்சும் அளவு) பிஎஸ் 4-க்கு முந்தைய வண்டிக்கு 2.45, பிஎஸ் 4-க்கு 1.62 வரை. இந்தச் சோதனையில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிப்பார்கள். வயது தெரியாத டைமிங் பெல்ட்டோடு அங்கே போனால் என்ஜினே போய்விடும். பெல்ட், ஆயில், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிட்டுப் போங்கள்.

டெஸ்ட்டுக்கு முன் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நேராக மையத்துக்குப் போங்கள். வரிசையில் வெறும் ஐடிலில் நின்றால் கன்வெர்ட்டர் ஆறிவிடும். உங்கள் முறை வருமுன் 2500 ஆர்.பி.எம்.மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வையுங்கள். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். சோதனைக் குழாய் குறைந்தது 30 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அழகுக்காகக் குட்டைச் சைலன்சர் போட்டவர்கள், டெஸ்ட் அன்றைக்காவது நீளமான குழாய் ஒன்றைக் காற்றுப் புகாமல் மாட்டிக்கொண்டு போங்கள்.