சேனை முதல் மணிபிளாண்ட் வரை: சேம்புக் குடும்பச் செடிகளை இனம் காணும் முறை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் இடையில் உள்ள எந்தப் புரையிடத்துக்குள், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக்குள், நுழைந்தாலும் சேம்புக் குடும்பச் செடிகள் ஐந்தாறையாவது அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தென்னைகளுக்கு இடையில் சேனை, கிணற்றடி ஈரத்தில் சேம்பு, பலா மரத்தில் தொற்றி ஏறும் கொடி, திண்ணைத் தொட்டியில் ஆந்தூரியமும் மணிபிளாண்டும், குளத்தில் ஆகாயத்தாமரை. இவை அனைத்தும் ஒரே குடும்பம் என்று சொன்னால் புதியவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. இலையிலும் உயரத்திலும் வாழும் இடத்திலும் இவற்றுக்குள் ஒற்றுமை எதுவும் கண்ணில் படுவதில்லை. ஒற்றுமை பூவில் இருக்கிறது. அதனால்தான் இந்த விளக்கம் பூவிலிருந்து தொடங்கி, இலைக்கும் கிழங்குக்கும் பிறகு வருகிறது.

ஊர்ப் பெயர்களை மட்டும் நம்பிப் பழக முடியாததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். நாம் சேனை என்று சொல்லும் கிழங்கைப் பிற மாவட்டங்களில் பலர் கருணைக்கிழங்கு என்கிறார்கள். வேறு சிலர் பிடிகருணைக்கு மட்டுமே அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். ஆகாயத்தாமரை என்ற பெயரும் அப்படியே. ஒரே குளத்தின் கரையில் நின்று இருவர் இரண்டு வெவ்வேறு செடிகளை அந்தப் பெயரால் அழைப்பதைக் கேட்கலாம். சேனையின் அறிவியல் பெயர் அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ். நாவுக்குச் சற்றுக் கடினமான பெயர்தான் என்றாலும், எந்த ஊரில் சொன்னாலும் அது அந்த ஒரு செடியையே குறிக்கும்.

இந்தக் குடும்பத்துக்கு அரேசியே என்று பெயர். 1789ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுசியூ இதைத் தனிக் குடும்பமாக வரையறுத்தார். இன்று ஏறத்தாழ 140 பேரினங்களும் (நெருங்கிய இனங்களின் தொகுப்பே பேரினம்) 3,500க்கும் மேற்பட்ட இனங்களும் இதில் அடங்கும். பெரும்பாலானவை வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. ஆந்தூரியமும் ஃபிலோடென்ட்ரானும் அமெரிக்க வெப்பமண்டலத்தின் பெரும் பேரினங்கள். சேனையும் சேம்பும் நம் பக்கத்து ஆசியாவுக்கு உரியவை.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கூரிய கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, குறிப்பேடு, கையுறை. கையுறை இல்லாவிட்டால், நம் வீடுகளில் சேனை நறுக்கும் முன் செய்வதுபோல, கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இக்குடும்பத்தின் மிகப் பல செடிகளில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, ஊசி போன்ற நுண்படிகங்களாக, தனிச் செல்களுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. திசு நசுங்கும்போது அந்த ஊசிகள் வெளிப்பட்டுத் தோலிலும் நாக்கிலும் குத்துகின்றன. சேனை சரியாக வேகாவிட்டால் தொண்டை காறுவதும், சேம்பைப் புளி சேர்த்து நன்றாக வேக வைப்பதும் இதனால்தான். இனம் காண்பதற்காக எந்தச் செடியையும் ஒருபோதும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். குறிப்பாக, தொட்டிகளில் வளர்க்கப்படும் டிஃபன்பேக்கியாவின் தண்டை மென்றால் நாக்கும் வாயும் வீங்கிப் பேச முடியாமல் போகும். குழந்தைகளும் கன்றுகுட்டிகளும் உள்ள வீட்டில் அதை எட்டாத இடத்தில் வைப்பதே முறை.

முதல் படி: பாளையையும் கதிரையும் தேடுதல்

ஆந்தூரியத்தில் சிவப்பாகத் தெரிவதைப் பூ என்கிறோம். அது பூ அன்று. தென்னம்பாளையைப் போல, பூக்கொத்தைச் சூழ்ந்து நிற்கும் ஓர் இலைதான். அதைப் பாளை என்போம். அதன் நடுவில் விரல் போல நீண்டு நிற்பது கதிர். உண்மையான பூக்கள் அந்தக் கதிரின் மேல், நூற்றுக்கணக்கில், காம்பே இல்லாமல் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. கைவில்லையை வைத்துப் பாருங்கள். ஆந்தூரியத்தின் ஒவ்வொரு சிறு பூவிலும் நான்கு சிறு செதில்களும் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியும் தெரியும். ஒரு பாளையும் அதற்குள் ஒரு சதைப்பற்றுள்ள கதிரும் சேர்ந்திருந்தால், அந்தச் செடி சேம்புக் குடும்பம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

நல்லமிளகுக் கொடியிலும் வெற்றிலைக் கொடியிலும் கதிர் உண்டு, ஆனால் பாளை இல்லை. அவை வேறு குடும்பம். பலா மரத்தில் ஏறியிருக்கும் கொடி எது என்று குழம்பும்போது இந்த ஒரு வேறுபாடே போதும்.

இரண்டாம் படி: கதிரைப் பிரித்துப் பார்த்தல்

இதுவே இந்த வேலையின் மிகச் சுவையான பகுதி. இங்கே அவசரப்பட வேண்டாம். கோடை மழை பெய்து மண் குளிர்ந்ததும், சேனைக் கிழங்கிலிருந்து இலை வருவதற்கு முன்பே, சில இடங்களில் பழுப்பும் ஊதாவும் கலந்த பெரிய பூக்கொத்து மண்ணோடு ஒட்டினாற்போல் எழும். அழுகிய இறைச்சியின் நாற்றம் அடிப்பதால் பலர் அதை உடனே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மூக்கை மூடிக்கொண்டாவது ஒரு முறை பாளையை நீளவாக்கில் கீறித் திறந்து பாருங்கள். கதிரின் அடியில் பெண்பூக்கள், அவற்றுக்கு மேலே ஆண்பூக்கள், உச்சியில் பூவே இல்லாத, சுருங்கிய ஊதாநிற உருண்டை. நாற்றம் வருவது அந்த உச்சிப் பகுதியிலிருந்து. அழுகலைத் தேடும் வண்டுகளும் ஈக்களும் அதை நம்பி உள்ளே இறங்குகின்றன. பெண்பூக்கள் முதலில் முதிர்ந்து, அவற்றின் நேரம் முடிந்த பிறகே ஆண்பூக்கள் மகரந்தத்தை விடுவதால், உள்ளே வந்த பூச்சி வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டு வந்திருந்தால்தான் காய் பிடிக்கும். இந்தக் குடும்பத்தின் பல செடிகளில் பூக்கும் நேரத்தில் கதிர் சூடாகி மணத்தைப் பரப்புகிறது. சில ஃபிலோடென்ட்ரான்களில் அந்த வெப்பம் 40 டிகிரி செல்சியஸையும் எட்டும்.

இப்போது சேனையின் கதிரையும் ஆந்தூரியத்தின் கதிரையும் அருகருகே வையுங்கள். ஆந்தூரியத்தில் அடியிலிருந்து நுனி வரை ஒரே மாதிரிப் பூக்கள், ஒவ்வொன்றும் இருபாலானது, அதாவது ஆணும் பெண்ணும் ஒரே பூவில். சேனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மண்டலங்கள். குடும்பத்தின் உட்பிரிவுக்கு இந்த வேறுபாடு ஒரு பெரிய வாசல். இன்று ஏற்கப்பட்டிருக்கும் எட்டுத் துணைக்குடும்பங்களில், ஆந்தூரியமும் போதோஸும் ஒன்றிலும், மான்ஸ்டெராவும் மணிபிளாண்டும் இன்னொன்றிலும், சதுப்பில் முள்ளோடு வளரும் லாசியா வேறொன்றிலும் வருகின்றன. இம்மூன்று பிரிவிலும் பூக்கள் பெரும்பாலும் இருபாலானவை. சேனை, சேம்பு, கலேடியம், ஃபிலோடென்ட்ரான், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா எல்லாம் அராய்டியே என்ற மிகப் பெரிய துணைக்குடும்பத்தில், ஒருபால் பூக்களோடு சேர்ந்திருக்கின்றன. தொட்டியில் விற்கப்படும் இசட் இசட் செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு தனிச் சிறு துணைக்குடும்பம். மற்ற மூன்றில் இரண்டு நம் நாட்டுத் தோட்டங்களில் கண்ணில் படுவதில்லை. மூன்றாவதைக் குளத்தருகே சந்திப்போம்.

மூன்றாம் படி: இலைக்காம்பு சேரும் இடம்

பூ இல்லாத மாதங்களே அதிகம் என்பதால் இலையையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இக்குடும்பம் ஒருவித்திலைத் தாவரங்களைச் சேர்ந்தது என்றாலும், புல்லிலும் வாழையிலும் காணும் இணை நரம்புகளுக்கு மாறாக, இங்கே பல செடிகளில் வலைப்பின்னல் நரம்புகள் இருக்கும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது.

சேம்பின் இலைக்காம்பு இலையின் விளிம்பில் சேர்வதில்லை. குடைக்கம்பி போல, அடிப்பரப்பின் உள்பக்கத்தில் ஊன்றி நிற்கும். அதன்மேல் விழும் மழைத்துளி, தாமரை இலைத் தண்ணீர் போலவே, ஒட்டாமல் உருளும். மலையாளத்தில் பால்ச்சேம்பு எனப்படும் சாந்தோசோமாவைப் பாருங்கள். தோற்றம் அதேதான், ஆனால் காம்பு இரண்டு காதுகளுக்கு நடுவில் உள்ள பிளவின் விளிம்பிலேயே சேர்கிறது, காம்பை ஒடித்தால் பால் வடியும். இது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சேம்பைப் போலவே தோன்றும் அலோகேசியாவைச் சேம்பிலிருந்து இலையை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலை மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் அலோகேசியா என்ற பொது விதி பல முறை பொய்க்கிறது. பழுத்த கனி கிடைத்தால் சிக்கல் தீரும்: அலோகேசியாவின் கனி செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும், உள்ளே சில விதைகளே உண்டு, சேம்பின் சிறு கனியில் விதைகள் மிகப் பல.

சேனையில் நாம் தண்டு என்று நினைப்பது தண்டே அன்று. புள்ளிகள் நிறைந்த அந்தத் தூண் ஒரே ஓர் இலையின் காம்பு; மேலே குடை போல விரிவது மூன்றாகப் பிரிந்து மேலும் பிளவுபட்ட ஒற்றை இலை. தண்டு என்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று எல்லைக்கு அப்பால் கேரளத்தில் சொல்லும் பழமொழி, அதாவது மாசியில் நட்டால்தான் கிழங்கு பெருக்கும் என்பது, இந்த ஒற்றை இலைக்கு மழைக்காலம் முழுவதும் கிடைக்க வேண்டும் என்பதோடு பொருந்துகிறது.

நான்காம் படி: ஏறும் கொடிகள்

கொடியாக ஏறும் இனங்களில் இளம் இலையும் முதிர்ந்த இலையும் இரண்டு செடிகளைப் போலத் தெரியும். தொட்டியில் உள்ளங்கையளவு இருக்கும் மணிபிளாண்ட் தென்னையில் ஏறிவிட்டால் முழ நீளத்துக்கு இலைவிட்டு ஓரம் கிழிந்து நிற்கும். ஆகவே தரையில் உள்ள இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஏறியிருக்கும் உயரத்தில் உள்ளதையும் பறித்துப் பாருங்கள்.

மணிபிளாண்ட் மிக அரிதாகவே பூக்கும். பூப்பதற்கான ஜிப்ரெலின் என்ற வளர்ச்சிப் பொருளை உருவாக்கும் திறன் அதில் குறைந்திருக்கிறது. கதிர் கிடைக்காததால் 1880இல் போதோஸ் என்று பெயரிடப்பட்டு, பின்னர் பேரினம் பேரினமாக மாற்றப்பட்டு, இறுதியில் எபிப்ரெம்னம் ஆரியம் ஆனது. நாற்றங்கால்களில் இன்னும் போதோஸ் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். உண்மையான போதோஸ் ஸ்கேண்டென்ஸ் நம் மலையடிவாரக் காடுகளில் மரங்களில் ஏறிக்கிடக்கிறது. அதன் காம்பு தட்டையாக விரிந்து, எலுமிச்சைக் குலத்தின் சிறகுக்காம்பு போல, ஒரு இலைக்குக் கீழே இன்னொரு இலை ஒட்டியதாகத் தோன்றும். 17ஆம் நூற்றாண்டில் மலபாரின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த மலபார் தாவரத் தொகுதியிலேயே இது ஆனப்பருவா என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது.

ஐந்தாம் படி: தண்ணீரில் இருப்பவையும், உறவல்லாதவையும்

குளத்தில் ரோஜாப்பூ போல மிதக்கும் ஆகாயத்தாமரை, அதாவது பிஸ்டியா, இந்தக் குடும்பம்தான். இலைகளின் நடுவில் கைவில்லையால் தேடினால் மயிரடர்ந்த மிகச் சிறிய பாளை ஒன்று கிடைக்கும். ஊதாப்பூ பூக்கும் வெங்காயத்தாமரை வேறு குடும்பம். நீரின் மேல் பச்சைப் பொடியாகப் படரும் லெம்னா வகைகளும் மேலே சொன்ன மூன்றாவது துணைக்குடும்பமாக இங்கேயே வருகின்றன. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வுல்ஃபியாவும், சுமத்ராவில் 1878இல் இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி கண்டறிந்த, 3 மீட்டர் வரை உயரும் பூக்கொத்தை உடைய பேருருவச் சேனையும் ஒரே குடும்பத்தில் நிற்கின்றன.

கைக்குழந்தைகளுக்கு உரசிக் கொடுக்கும் வசம்பை நீங்களே சோதித்துப் பாருங்கள். கதிர் உண்டு, அதனால் நெடுங்காலம் அது சேம்புக் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கதிரைச் சூழும் பாளை இல்லை; கதிருக்கு மேல் நீள்வது மற்றொரு வாள் போன்ற இலை. ஊசிப் படிகங்களும் இல்லை, நசுக்கினால் வாசனை எண்ணெய் வரும். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அது தனிக் குடும்பமாக மட்டுமன்றி, குடும்பத்துக்கு மேல்நிலைப் பிரிவான தனி வரிசையாகவே பிரிக்கப்பட்டது.

கண்டதைப் பதிவு செய்யும்போது பாளையை நீளவாக்கில் கீறிய படத்தையும், காம்பு இலையோடு சேரும் இடத்தின் படத்தையும் கட்டாயம் எடுங்கள். மணம், நேரம், மண்ணின் ஈரம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். இச்செடிகள் சதைப்பற்று மிகுந்தவை என்பதால் செய்தித்தாள்களுக்கு இடையில் அழுத்தும்போது கருத்து அழுகிவிடும். காம்பையும் கிழங்கையும் மெல்லியதாகச் சீவி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்த வேண்டும்.