1958 டிராகுலாவை வீட்டில் போட்டுப் பார்ப்பது எப்படி

பிரிட்டிஷ் படநிறுவனமான ஹாமர் 1958இல் எடுத்த ‘டிராகுலா’வின் உயிர் அதன் நிறத்தில் இருக்கிறது, அதுவும் சிவப்பில். அதனால் முதலில் தொலைக்காட்சியைக் கவனியுங்கள். பளீரென்று காட்டும் ‘விவிட்’ அமைப்பு இந்தப் படத்துக்கு எதிரி. ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இரு ஓரமும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும். இழுத்து நிரப்ப வேண்டாம்.

வட்டு வாங்குகிறீர்களா? பிரிட்டனில் 2013இல் வந்த புளூ-ரேயில், டோக்கியோவில் கிடைத்த பழைய ஜப்பானியப் பிரதியிலிருந்து மீட்ட காட்சிகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது ‘பி’ வட்டாரத்துப் பிளேயரில் மட்டும் ஓடும் வட்டு, சிங்கப்பூர் ‘ஏ’ வட்டாரம். இரண்டையும் ஓட்டும் பிளேயர் வேண்டும். அமெரிக்க வட்டில் ‘ஹாரர் ஆஃப் டிராகுலா’ என்று பெயர் இருக்கும். அதுவும் இதே படம்தான்.

சிங்கப்பூரின் தெம்பனிஸில், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒன்பது மணிக்குள் போட்டுவிடுவேன். படம் 82 நிமிடம். பத்தரைக்கு மேல் அக்கம்பக்கத்துக்காக ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கும், ஜேம்ஸ் பெர்னார்டின் இசையைக் குறைத்துக் கேட்பதில் பயனே இல்லை. தாழ்வார விளக்கு ஜன்னல் வழியாக விழாதபடி கனமான திரையை இழுத்துவிடுங்கள். கொறிக்கக் கச்சாங் பூத்தே (கடலை வகைகள்), குடிக்கத் தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) எல்லாம் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இனி, பார்க்கும் விதம். டிராகுலாவாக வரும் கிறிஸ்டோபர் லீ முதலில் படிக்கட்டின் உச்சியில் வெறும் கருநிழலாக நிற்பார். எல்லாரும் அலறக் காத்திருப்பார்கள். அவரோ விறுவிறுவென்று இறங்கிவந்து, கோட்டைக்கு வந்திருக்கும் ஹார்க்கரிடம் மிகுந்த மரியாதையோடு பேசுவார். அந்தக் குரலை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டையில் ஹார்க்கரிடம் பேசுவதோடு சரி, அப்புறம் படம் முடியும்வரை டிராகுலாவுக்கு வசனமே கிடையாது. கொஞ்ச நேரத்தில் அதே முகம் கண் சிவந்து, வாயெல்லாம் ரத்தமாக வந்து நிற்கும். அந்த மரியாதையைக் கவனித்தவர்களுக்குத்தான் இங்கே குலை நடுங்கும்.

கடைசிப் பத்து நிமிடம் யாரையும் எழுந்திருக்க விடாதீர்கள். டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக வரும் பீட்டர் குஷிங் நீண்ட மேசைமேல் ஓடிப் பாயும் அந்த ஓட்டத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நம் சிங்கப்பூரிலேயே கேத்தே-கெரிஸ் படநிறுவனம் 1957இல் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் பேய்ப்படத்தை எடுத்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். இரண்டையும் அடுத்தடுத்துப் போட எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் அதன் பிரதி கிடைப்பதில்லை. ஆகவே, இது பிடித்துப்போனால் அடுத்து ‘தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’ (1960) பாருங்கள். அதில் குஷிங் உண்டு, லீ இல்லை. லீதான் வேண்டுமென்றால் நேரே 1966இன் ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ படத்துக்குப் போய்விடலாம்.