வரைந்த ஆர்க்கிடெக்சர் பத்து வருஷம் நிற்க என்ன செய்யலாம்?

நாகர்கோவிலில் ஒரு சின்ன டீம். தோவாளைப் பூக்கடை, குலசேகரம் ரப்பர் கடை, குளச்சல் மீன் ஏலம் என்று மூன்று இடத்துக்கும் பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து யோசிக்காமல் இருக்க, மென்பொருளில் என்னென்ன பகுதிகள், அவை எப்படி இணையும் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வடிவம் வரைந்து வைப்பீர்கள். அதுதான் ரெஃபரன்ஸ் ஆர்க்கிடெக்சர். வரைவது எளிது. இரண்டு வருஷம் கழித்தும் அதை யாராவது திறந்து பார்க்க வேண்டுமே!

முதல் படி: நிலைப்பதையும் மாறுவதையும் பிரியுங்கள். "போட்ட பில்லைத் திருத்தக்கூடாது, திருத்தம் தனிப் பதிவாக வரவேண்டும்" என்பது நிலைக்கும். நிரல் எழுதும் மொழியும் அதன் பதிப்பும் நிலைக்காது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. கருவிகளின் பெயர்களை ஒரே பின்னிணைப்பில் வைத்தால், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது: வேறுபடும் இடத்தைக் குறியுங்கள். ரப்பர் ஷீட்டுக்குத் தரம் பார்த்து, எடைக்கு விலை. மீனோ எடை போடாமல் கூறாகவும் ஏலம் போகும். 'எடை × விலை' என்று மையத்தில் பதித்தால் குளச்சலில் உடையும். விலை போடும் பகுதியை மட்டும் கடைக்குக் கடை மாற்ற முடிகிறபடி திறந்து விடுங்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பொது வடிவம் என்று எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது படிதான் உயிர்நாடி: காரணத்தை எழுதுங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் எழுதிய முறை இதற்குப் போதும். ஒரு முடிவுக்கு ஒரு சின்னக் கோப்பு. அதில் தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவு. உதாரணமாக:

சூழல்: கடையில் இன்டர்நெட் அடிக்கடி போகிறது.
முடிவு: பில் முதலில் கடை கம்ப்யூட்டரிலேயே சேரும்.
நிலை: ஏற்கப்பட்டது.
விளைவு: இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் பில் எண் மோதும்; ஒவ்வொன்றுக்கும் தனி முன்னெழுத்து வேண்டும்.

நாளை இன்டர்நெட் சீரானால், இந்த முடிவை மாற்றலாமா என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகூடத் தீர்மானிக்க முடியும். பழைய கோப்பை அழிக்காதீர்கள். "மாற்றப்பட்டது" என்று குறித்து, புதியதன் எண்ணைச் சேருங்கள்.

அப்புறம், பொறுப்பாளர். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது; அங்குள்ள பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. எல்லை மாறியும் பொறுப்பு அந்தரத்தில் விடப்படவில்லை. உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்திலும் ஒருவர் பெயர் இருக்கட்டும். அவர் வேலை மாறினால், அன்றே அடுத்தவர் பெயர்.

கடைசியாக, ஒவ்வொரு புராஜெக்ட் முடிந்ததும் அரைநாள் ஒதுக்கி, எங்கே வடிவத்தை மீறினோம் என்று கேளுங்கள். மூன்று புராஜெக்ட்டிலும் ஒரே இடத்தில் மீறியிருந்தால் திருத்த வேண்டியது வடிவத்தைத்தான். திருத்தி, புதிய பதிப்பு எண் கொடுத்து, பழைய பதிப்பு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.