வெள்ளி ரூபாயை ஏலத்தில் எடுக்கும் முன்: தரமும் விலையும் பார்க்கும் முறை

ஏலக் கேட்லாகில் ஒரு ராணி ரூபாய்க்கு (விக்டோரியா தலை போட்டது) பக்கத்தில் "எக்ஸ்.எஃப்., அரிது, மதிப்பீடு 4,000 - 5,000" என்று போட்டிருக்கும். அரிது என்பதும் எக்ஸ்.எஃப்., அதாவது கொஞ்சமே தேய்ந்த காசு, என்பதும் விற்கிற தரப்பு சொல்வது. நாமே எடை போட்டு, மாற்று (தூய்மை) பார்த்து உறுதி செய்துகொள்ளக்கூடியது அதில் இருக்கும் வெள்ளியைத்தான். சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன் நான். உருக்க வந்த பழைய ரூபாய்களிலிருந்து நல்லதாகப் பொறுக்கி வைத்ததில்தான் இந்தச் சேகரிப்பே தொடங்கியது. அதனால் எந்தக் காசையும் முதலில் வெள்ளியாகவே பார்ப்பேன். ஏலத்துக்கும் அதே கணக்குத்தான்: வெள்ளிக்கு எவ்வளவு, அதற்கு மேல் கேட்கிற தொகைக்கு என்ன காரணம்? காரணம் சொல்ல முடியாத தொகைக்குக் கை தூக்கவே கூடாது.

நான் இங்கே எழுதுவது 1835 முதல் 1947 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களைப் பற்றி மட்டும். சோழர் காசுக்கும் சுல்தான்கள் காசுக்கும் கண் வேறு, படிப்பு வேறு.

வெள்ளிக் கணக்கு

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுக்க ஒரே ரூபாய் என்று கொண்டுவந்தபோது அதன் எடை 180 கிரெய்ன், அதாவது சரியாக ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம். ஆக ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். வில்லியம், விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் எல்லோருக்கும் இதே அளவுதான். 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதே 11.66, ஆனால் சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். 1947 ரூபாய் நிக்கல். காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது.

கிராம் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 1918 ரூபாயின் வெள்ளி 1,069. 1944 ரூபாயின் வெள்ளி 583. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். இதைக்கூடப் பார்க்காமல் இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்பவர்களை ஏலத்துக்கு ஏலம் பார்க்கிறேன். ஏலம் நடக்கிற அன்றைய வெள்ளி விலையைப் போட்டு இந்த எண்ணை முதலில் எழுதி வையுங்கள்.

அப்புறம் வருஷம்

பழசு என்றால் அரிது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. 1918ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. 1917இல் ஒரு ரூபாய் நோட்டே அச்சடிக்க வேண்டி வந்தது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, கிடங்கில் இருந்த தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இங்கேதான் வந்தது. கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் (காசு அடிக்கும் இடங்கள்) ஓயாமல் அடித்தன. அதனால் 1918 ரூபாய்க்கு நூறு வயது தாண்டியும் பஞ்சமில்லை. புழங்கித் தேய்ந்த 1918க்கு வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறு 1921, 1922. அவை பம்பாயில் மட்டும், 1918ஓடு ஒப்பிட்டால் மிகக் குறைவாக அடிக்கப்பட்டவை. இங்கே கூடுதல் விலைக்குக் காரணம் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. படத்தைப் பெரிதாக்கி அந்தப் புள்ளியைத் தேடாமல் விலை கேட்காதீர்கள்.

1911 ரூபாய்க்குக் கதை அதிகம். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை, துதிக்கை சிறுத்துப் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் புழக்கத்திலிருந்து நிறுத்தினார்கள், பெரும்பகுதியை உருக்கினார்கள், 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். உண்மையான கதை, அழகான காசு. ஆனால் தப்பிப் பிழைத்தவையே நிறைய இருக்கின்றன. பெரிய ஏலங்களில் அடிக்கடி வருகிறது. கதைக்காக ஒரு மடங்கு கூடக் கொடுங்கள், பல மடங்கு வேண்டாம். இந்த ஏலத்தில் விட்டால் அடுத்ததில் கிடைக்கும்.

1862 ராணி ரூபாய் தனிப் படிப்பு. அந்தத் தேதியை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். பம்பாய்க் காசுகளில் பின்பக்கம் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் உண்மையான வருஷத்தைக் காட்டும். சில புள்ளி வகைகள் சாதாரணம், சில அரிது. வெறுமனே "1862, ஒரு ரூபாய்" என்று போட்டிருக்கும் லாட்டில் (ஏலத்தில் ஒன்றாக விடும் உருப்படி) புள்ளியை எண்ணுங்கள். உழைப்பவருக்கு லாபம் இருக்கும் இடம் இது. 1840இலும் இரண்டு வகை: "விக்டோரியா குயின்" என்ற எழுத்து தலைக்கு மேல் தொடர்ந்து ஓடுவது ஒன்று, தலைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது இன்னொன்று. இரண்டின் பழைய விலைகளையும் கலந்து பார்க்கக் கூடாது.

1939 ரூபாய் இந்த வரிசையிலேயே பெயர்பெற்ற அரிய காசு. அதனாலேயே போலியும் அதிகம். வேறு வருஷத்துக் காசில் கடைசி எண்ணைத் திருத்தியவையும் உலவுகின்றன. இதை மட்டும் தர நிர்ணய நிறுவனம் தரம் போட்டு மூடித் தரும் சான்றுப் பெட்டியில் இல்லாமல் வாங்கவே வேண்டாம் என்பேன்.

தரம்: கண்ணுக்குத்தான் வேலை

ஏலங்களில் வழக்கமாக வரும் தரங்கள், கீழிருந்து மேலாக, வி.எஃப். (ஓரளவு தேய்ந்தது), எக்ஸ்.எஃப். (கொஞ்சமே தேய்ந்தது), ஏ.யு. (கிட்டத்தட்டப் புதுசு), யு.என்.சி. (புழங்காதது). இதையே நுணுக்கி 1 முதல் 70 வரை எண் போடுவது ஷெல்டன் அளவுகோல். 60ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, எந்த ராஜா எங்கே முதலில் தேய்வார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தரம் போடுவதில் பாதி வேலை அதோடு முடிந்தது.

1862 முதல் வரும் விக்டோரியாவுக்கு மகுடத்தின் மணிகள், காதை ஒட்டிய கூந்தல், மார்பு உடையின் பூ வேலை. மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் எக்ஸ்.எஃப். பக்கம் போகலாம். உடையின் பூக்கள் ஒன்றோடொன்று கலந்து வழவழப்பாகிவிட்டால், கேட்லாக் என்ன சொன்னாலும் அது வி.எஃப்.தான். எட்வர்டுக்கு மகுடமே கிடையாது. தலை வெறுமையாக இருப்பதால் காதுக்கு மேல் உள்ள முடி சீக்கிரம் தேயும். காதுக்கு மேல் மயிரிழைகள் பிரிந்து நிற்கும் எட்வர்டு அபூர்வம், அதற்குத் தாராளமாகக் கூடக் கொடுக்கலாம். ஐந்தாம் ஜார்ஜுக்கு மகுட மணி, புருவம், காது, அங்கியின் யானை.

தேய்மானத்தையும் அடி சரியாக விழாததையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அச்சு சரியாக இறங்காத காசில் ஒரு பகுதி மழுங்கலாக இருக்கும், ஆனால் அந்த மழுங்கிய இடத்திலும் பளிச்சென்ற ஒளி ஓடும். தேய்ந்த இடத்தில் ஒளி செத்து, சாம்பல் நிறம் தட்டும்.

இந்த ஒளிதான் முக்கியம். அச்சு இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அதனால் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கோடுகள் விழுகின்றன. ஒற்றை விளக்கின் கீழ் காசை மெதுவாகத் திருப்பினால் அந்தக் கோடுகளின் மேல் ஒளி சக்கரம் போலச் சுற்றும். மெருகு போட்ட காசு இப்படிச் சுற்றாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிப் பளபளக்கும். பட்டறையில் கொலுசுக்கு மெருகு போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பத்தடி தூரத்திலிருந்தே சொல்வார்கள்.

நம் வீடுகளில் வெள்ளிச் சாமான்களைத் திருநீறு போட்டுத் துலக்குவது வழக்கம். புளி, எலுமிச்சை, பல்பொடி எல்லாமும் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கொலை. திருநீற்றில் தேய்த்த ரூபாயைச் சாய்த்துப் பார்த்தால் முகத்துக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் மயிர்க்கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடும். புழக்கத்தில் விழுந்த கீறல் இப்படி இருக்காது, தாறுமாறாக இருக்கும். இன்னொரு அடையாளம்: எழுத்தின் இடுக்குகளில் கறுப்பு, வெட்டவெளியில் பளபளப்பு. அப்படி இருந்தால் அது துலக்கிய காசு. எவ்வளவு கூர்மையான முகமாக இருந்தாலும் அதற்கு யு.என்.சி. விலை கொடுக்காதீர்கள், ஒரு படி, சில சமயம் இரண்டு படி கீழே இறக்கித்தான் விலை போட வேண்டும். ஏலப் படங்கள் நேர் வெளிச்சத்தில் எடுக்கப்படுவதால் இந்தக் கீறல்கள் மறைந்துவிடும். காசைச் சாய்த்துக் காட்டும் சிறு வீடியோ கேளுங்கள். நல்ல ஏலக்காரர் அனுப்புவார். ஏலத்துக்கு முன் நேரில் பார்க்க அனுமதிக்கும் நாள் இருந்தால் பத்து மடங்குப் பூதக்கண்ணாடியோடு போய்விடுங்கள்.

நம் பக்கத்து ரூபாய்களில் நான் தேடும் அடுத்த குறை பொடிவைத்து ஊதிய, அதாவது வளையம் பற்றவைத்த, தழும்பு. காசுமாலைக்கும் அட்டிகைக்கும் ரூபாயின் தலையில் வளையம் வைப்பார்கள். பிற்பாடு வளையத்தை எடுத்துவிட்டு அரத்தால் ராவி விற்பனைக்கு விடுகிறார்கள். முகத்தைப் படம் பிடித்தால் எதுவும் தெரியாது. விளிம்பைப் பாருங்கள். ரூபாயின் விளிம்பில் சுற்றிலும் வரி வரியாகப் பல் வெட்டு இருக்கும்; பன்னிரண்டு மணி இடத்தில் அந்த வெட்டு மழுங்கியிருந்தால் அங்கே வளையம் இருந்திருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி வெள்ளியின் நிறமும் மாறியிருக்கும், நெருப்புப் பட்ட வெள்ளி பழைய ஒளிக்குத் திரும்பாது. எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் தெரிந்தால் தங்க முலாம் பூசியிருந்த மிச்சம். விளிம்புப் படம் தர மறுக்கும் லாட்டை நான் கேட்பதே இல்லை. வளையம் எடுத்த காசுக்கு என் விலை வெள்ளி விலைதான், உண்மையிலேயே அரிய வருஷமாக இருந்தால் தவிர. சராபுகள் (காசு மாற்றும் வணிகர்கள்) அடித்த குத்து முத்திரையும் விலையைக் குறைக்கும், ஆனால் அது அந்தக் காசு கைமாறிய காலத்தின் தடம். வளையத் தழும்பு அளவுக்கு எனக்கு உறுத்தாது.

சான்றுப் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள், 1980களில் தொடங்கியவை. பெட்டியில் உள்ள சான்று எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு, அங்கே வரும் விவரமும் படமும் கையிலிருக்கும் காசோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். போலிப் பெட்டிகளும் வருகின்றன. தர எண்ணுக்குப் பதிலாக "டீடெய்ல்ஸ்" என்று இருந்தால் குறையுள்ள காசு என்று பொருள், கூடவே குறையின் பெயரும் இருக்கும். சாதாரண வருஷத்தில் எம்.எஸ். (புழங்காத காசின் தர எண்ணுக்கு முன் வரும் எழுத்து) 62க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பல ஆயிரம் கொடுப்பது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் நல்ல எக்ஸ்.எஃப். 1922 தேடலாம்.

பழைய விலையைப் படிப்பது

மதிப்பீட்டை விலை என்று நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது சுத்தியல் விழுந்த விலை, அதாவது ஏலம் முடிந்த விலை. ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளைத் தங்கள் தளங்களிலேயே வைத்திருக்கின்றன. நமிஸ்பிட்ஸ் போன்ற தளங்களில் பல ஏலங்களைச் சேர்த்துத் தேடலாம். ஒரே வருஷம், ஒரே அக்கசாலை, அதே அளவு தேய்மானம் உள்ள நான்கைந்து விற்பனைகளை எடுங்கள். தரத்தை அவர்கள் போட்ட எழுத்தை வைத்துச் சேர்க்காமல், படத்தைப் பார்த்து நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். உச்ச விலையையும் அடி விலையையும் தள்ளிவிடுங்கள். இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய விலை ஒருநாளும் சந்தை விலை ஆகாது.

இதில் பலரும் விடும் ஒரு கணக்கு: பழைய விலையிலிருந்து அன்றைய வெள்ளி விலையைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் அந்தக் காசின் அருமைக்குக் கொடுத்த விலை. அதோடு இன்றைய வெள்ளி விலையைக் கூட்டுங்கள். வெள்ளி இரண்டு மடங்கு ஏறினால் 1918 ரூபாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும், ஆனால் 1939 ரூபாயின் விலையில் வெள்ளி ஒரு சின்னப் பங்குதான். "வெள்ளி ஏறிவிட்டது சார்" என்று சொல்லி அரிய காசின் விலையை இரட்டிப்பாக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டு முடிவுகளைத் தனியாக வையுங்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. அங்கிருந்து வரவழைத்தால் சுங்கச் செலவு சேரும். எனவே இரண்டும் இரண்டு சந்தைகள்.

பிறகு கமிஷன். சுத்தியல் விலை 10,000, வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம், கமிஷன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று ஒரு எடுத்துக்காட்டுக்குப் போட்டால் 10,000 + 1,500 + 270, ஆக 11,770. கூரியரும் காப்பீடும் தனி. வரி எதன் மேல் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம்; விதிமுறைப் பக்கத்தை ஏலத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். உங்கள் உச்ச வரம்பு 11,000 என்றால் சுத்தியலில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் 9,300 வாக்கில். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நேரலையில் எண்கள் ஏறும்போது மனக்கணக்கு நிற்காது.

காசு கைக்கு வந்த அன்றே எடை போடுங்கள். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு தராசு போதும். புழங்கிய ரூபாய் 11.4, 11.5 காட்டுவது இயல்பு. முகம் கூர்மையாக இருந்தும் எடை 11க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தால் 91.7 சதவீத வெள்ளிக்கு 10.3 வாக்கில் வர வேண்டும். விளிம்பில் வார்ப்புக் கோடு, பரப்பில் குண்டூசிக் குழிகள் இருந்தால் வார்த்த போலி. போலியைத் திருப்பித் தர எத்தனை நாள் என்பது விதிமுறையில் இருக்கும், அதற்குள் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மெத்தென்ற பிவிசி உறையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத அட்டைச் சட்டத்துக்கு மாற்றுங்கள். பிவிசியில் நாளாக ஆகக் காசில் பச்சைப் பிசுக்கு ஏறும்.