மூன்று நட்சத்திரம் என்றால் மோசம் இல்லை: படித்த புத்தகங்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசிப்புக் குழு ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டு முன்வாசல்தான் இடம். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த பெரியவர், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், லாரி ஓட்டும் அண்ணன், நான்காம் படிவ மாணவி என்று ஏழெட்டுப் பேர் வருவோம். அந்த மாதம் படித்த புத்தகங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான்கு வருடம் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று நன்றாகப் புரிந்துவிட்டது. நாம் சொல்லும் மதிப்பெண்ணை நம்பித்தான் ஒருவர் முப்பது நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்குகிறார். இரண்டு ஷிப்ட் வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தை அதற்குக் கொடுக்கிறார். ஆகவே மதிப்பெண் எழுத்தாளருக்குப் போடுவது இல்லை, அடுத்துப் படிக்கப் போகிறவருக்குப் போடுவது. இதை மறக்கும்போதுதான் எல்லாத் தவறும் வருகிறது.

ஒரு மாதம் எங்கள் முன்னால் பதினொரு புத்தகங்கள் வந்தன. ஒன்பதுக்கு ஐந்து நட்சத்திரம், மீதி இரண்டுக்கு நாலரை. மாணவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "டீச்சர், இதுல நான் எதை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஐந்து கொடுத்தால் எதற்குமே கொடுக்காத மாதிரிதான்.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. ஆரம்பப் பள்ளி இறுதியில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் ரத்து செய்துவிட்டார்கள், ஆனால் அதை எழுதி வளர்ந்த எங்களுக்கு ஐந்துக்கு மூன்று என்றால் இன்னும் நூற்றுக்கு அறுபதுதான். அறுபது வாங்கி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். அதனால் மூன்று கொடுக்கவே கை வராது. ஆனால் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரத்துக்கே 'பரவாயில்லை' என்றுதான் பொருள். மூன்று என்றால் 'பிடித்தது', நான்கு என்றால் 'மிகவும் பிடித்தது', ஐந்து என்றால் 'அற்புதம்'. அந்தக் கணக்கில் மூன்று என்பது பாராட்டு. எந்த அளவுகோல் என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளாமல் எண்ணைச் சொல்வதில் பயன் இல்லை. நாங்கள் எங்களுக்கென்று ஒன்று வகுத்துக்கொண்டோம். மறுபடி படிப்பேன், இரவல் கொடுத்தால் மறக்காமல் திரும்பக் கேட்பேன் என்றால் ஐந்து. யாரைப் பார்த்தாலும் படிக்கச் சொல்வேன் என்றால் நான்கு. படித்ததில் சந்தோஷம், ஒருமுறை போதும் என்றால் மூன்று. சில பக்கங்கள்தான் நன்றாக இருந்தன என்றால் இரண்டு. ஒன்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்தது, தெரிந்தவர் எழுதினார் என்பதற்காகப் போடும் மதிப்பெண். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊர்களில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கோயில் மண்டபமோ பள்ளி மண்டபமோ இருக்கும். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை. முதல் நூல் பெறுகிறவர் உறையோடு மேடை ஏறுவார். பின்னால் மற்றவர்கள் ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று உறையில் வைத்துக் கொடுத்துப் புத்தகம் வாங்கிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு இந்த வழக்கத்தில் குறை இல்லை. சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அச்சடிக்கிறவர்களுக்கு அந்த உறைகள்தான் கைகொடுக்கின்றன. கல்யாண வீட்டு மொய் மாதிரி அது உறவுக்கு மரியாதை. ஆனால் உறையில் வைக்க வேண்டியதை நட்சத்திரத்தில் வைக்கக் கூடாது.

நான் வைத்திருக்கிறேன். எனக்குப் பழக்கமான ஒருவரின் கவிதைத் தொகுப்புக்குப் பாதி படித்த நிலையில் ஐந்து கொடுத்தேன். லாரி அண்ணன் என் பேச்சை நம்பி மூன்று பிரதி வாங்கி, ஒன்றைத் தன் அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் வந்தவர் கோபப்படவில்லை. "தம்பி, நீ அதை முழுசாப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று மாதம் நான் சொன்ன எந்தப் புத்தகத்தையும் அவர் வாங்கவில்லை. அது நியாயம்தான்.

அதில் எழுத்தாளருக்கும் நஷ்டம் உண்டு. எல்லோரும் ஐந்து கொடுத்த தொகுப்பை எழுதியவர் அடுத்த தொகுப்பை வேறு மாதிரி எழுத எந்தக் காரணமும் இல்லை. இப்போது எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தெரிந்தவர் எழுதியது என்றால் "இவர் எனக்கு வேண்டியவர்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். கேட்கிறவர் அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்வார்.

எழுதியவர் தெரிந்தவராக இருப்பது ஒரு சிக்கல் என்றால், எழுதிய விஷயம் நம்முடையதாக இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் காலத்தில், 1942-43-இல், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டருக்குப் போட்ட பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதைப் பற்றி ஆர். சண்முகம் ஒரு நாவலும் அ. ரெங்கசாமி ஒரு நாவலும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் இவற்றைப் பற்றிப் பேசிய மாலையில் முக்கால் மணி நேரம் போயிற்று, புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஒருவருடைய தாத்தா போனார். இன்னொருவரின் பெரியப்பா போய்த் திரும்பி வந்தும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பேச்சு முடிந்ததும் எல்லோரும் ஐந்து என்றார்கள்.

அந்த ஐந்து தாத்தாவுக்குக் கொடுத்தது. அதில் தவறில்லை, ஆனால் புத்தகத்துக்கு என்ன என்று கேட்க வேண்டும் அல்லவா? ஒரே விஷயத்தை இரண்டு பேர் எழுதியிருக்கும்போது யார் எதைச் சொன்னார், யார் எதை விட்டார், எந்த இடத்தில் கதை வெறும் தகவலாகிவிட்டது, எந்த இடத்தில் நெஞ்சை அடைத்தது என்று பேச எவ்வளவோ இருக்கிறது. இப்போதெல்லாம் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு முதலில் கதைகளைச் சொல்லி முடித்துவிடுகிறோம். தேநீர் குடித்துவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தோட்டத்தைப் பற்றி எழுதிய நாவல் என்றால் நமக்கு உடனே கண் கூர்மையாகிவிடும். ஒரு நாவலில் கதாநாயகி மத்தியான வெயிலில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். கையுறைத் தொழிற்சாலைப் பெண்ணின் அம்மா இருபது வருடம் நிரை பிடித்துப் பால் வெட்டியவர். மகள் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியதும், "வெயில் ஏறுனா பால் எங்க இறங்கும்? இருட்டோட போனாத்தான் மங்கு நிறையும்" என்றாராம். சரியான பேச்சு. விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வேலையே இல்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்காக மகள் நாவலுக்கு ஒரே நட்சத்திரம் கொடுத்தாள். அதே நாவலில் ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற தாயைப் பற்றிய அத்தியாயம் அவளை அழவைத்திருக்கிறது. கேட்ட பிறகுதான் சொன்னாள். "வேலைக் காட்சி தப்பு, தாய் வரும் அத்தியாயம் நிஜம்" என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எல்லாம் கிடைத்திருக்கும்.

நான் செய்த வேறொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவுக்கு வரும் அக்கா ஒருவர் குடும்ப நாவல்கள்தான் படிப்பார். மெல்லிய புத்தகங்கள், முடிவில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். ஒரு மாதம் அப்படி ஆறு புத்தகங்களைச் சொல்லி எல்லாவற்றுக்கும் நான்கு கொடுத்தார். "இதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாமா?" என்று நான் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

வீடு தேடிப் போனேன். மைலோ கலக்கிக் கொடுத்து உட்காரவைத்தார். அவர் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அந்த நேரமெல்லாம் அக்கா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "கனமான புத்தகம் எடுத்துட்டுப் போனா நாலு பக்கத்துக்கு மேல ஓடாதுப்பா. நர்ஸ் கதவத் திறந்தாலே நெஞ்சு அடிச்சுக்கும். இது சரியா நாலு மணி நேரம் தாங்கும். முடிவு நல்லா இருக்கும்னு தெரியும்" என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதற்கு நான்கு நட்சத்திரம் என்பது மிகச் சரியான மதிப்பெண். தவறு அந்த எண்ணில் இல்லை, எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று நாங்கள் கேட்கவே கேட்காததில். இப்போது எல்லோரையும் கேட்கிறோம். லாரி அண்ணன் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறார், அதனால் சிறுகதைகள் அவருக்கு ஒத்துவருகின்றன. மாணவி பரீட்சை மாதத்தில் கவிதை மட்டும் படிக்கிறாள். அக்கா திரும்ப வந்துவிட்டார். மருத்துவமனையில் காத்திருக்க என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போது அவரிடம்தான் அனுப்புகிறோம்.

எண்ணிக்கைப் போட்டி வேண்டாம். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். எங்களில் ஒருவர் அதை ஒன்று என்று எண்ணினார், இன்னொருவர் ஐந்து என்று எண்ணினார், கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. மாணவி அன்று ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தாள், தன் முறை வரும்போது தலை குனிந்து மெதுவாகப் பேசினாள். மாதத்துக்கு எத்தனை என்று கேட்பதை அன்றோடு நிறுத்திவிட்டோம்.

மற்றவை சின்னச் சின்னத் தவறுகள். கதையின் முடிவைச் சொல்லாதீர்கள், முதல் கால் பங்கு வரை சொன்னாலே போதும். பாதியில் விட்ட புத்தகத்துக்கு நட்சத்திரம் போடாதீர்கள். "எண்பதாம் பக்கத்தில் நிறுத்தினேன், இந்தக் காரணத்தால்" என்று சொல்லுங்கள், அதுவே பயனுள்ள தகவல். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றி வந்த ஒரு பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு முழு நாவலுக்கும் தீர்ப்புச் சொல்லவே கூடாது. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சொல்லுங்கள், நடை முட்டுகிறது என்றால் அது யார் கை என்று தெரிய வேண்டும். எழுத்து பொடியாக இருந்தது, தாள் கழன்று வந்தது என்பதெல்லாம் பதிப்பின் குறை. வாங்கப் போகிறவருக்காக அதைத் தனியாகச் சொல்லுங்கள், கதைக்கான மதிப்பெண்ணிலிருந்து குறைக்காதீர்கள்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து மதிப்பெண் போடுவதும் சரிவராது. முதல் வாரத்தில் முடித்த புத்தகம் நான்காம் வாரத்தில் 'நன்றாக இருந்தது' என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும். ஆசிரியை இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பழைய பள்ளி அப்பியாசப் புத்தகம், பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு போட்டது. புத்தகம் முடிந்த அன்று இரவே தேதி, நட்சத்திரம், இரண்டு வரி, ஒரு பக்க எண். அந்தப் பக்க எண் முக்கியம். கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பத்து வரி சத்தமாக வாசிப்பார். அவர் நட்சத்திரத்தைச் சொல்வதற்கு முன்பே எங்களுக்குப் புத்தகம் பிடிபட்டுவிடும்.

ஒருமுறை கொடுத்த மதிப்பெண்ணை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத் துண்டாடலைப் பற்றிய ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கிராணி பெரியவர் இரண்டுதான் கொடுத்தார். நாடு விடுதலை அடைந்த பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற காலம் அது. அதைத் தடுக்கத்தான் எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்தார். பெரியவரின் அப்பாவும் கிராணி, அந்தக் கூட்டங்களுக்குப் போனவர். நாவலில் வரும் கிராணிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதில்தான் பெரியவருக்கு ஆத்திரம்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, இரவல் வாங்கியவர்கள் தங்கள் மதிப்பெண்ணை எழுதிவைப்பது எங்கள் வழக்கம். போன மாதம் அந்த நாவல் என் கைக்கு வந்தது. தாளில் பெரியவரின் இரண்டின் மேல் ஒரு கோடு அடித்திருந்தது. பக்கத்தில் நான்கு என்று எழுதி, கீழே பழைய கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில்: "இரண்டாம் தடவை படித்தேன். கிராணி விஷயத்தில் கோபம் போகவில்லை. மற்றதெல்லாம் சரி."